துளையிடும் கையைப் பிடிப்பது யார்?

 



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மதுக்கரை மார்க்கெட் வழியாக வீட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய், கையில் போனுடன் என்னை வழியில் நிறுத்தினார்கள். அவர்களுடைய மகன் வளைகுடா நாடொன்றில் எண்ணெய்க் கிணறுகள் உள்ள பாலைவனத்தில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய படத்தைக் காட்டினார்கள். இருண்ட வானம், நடுவே உயரமான ஓர் இரும்புக் குழாய், அதன் நுனியில் பனைமரம் உயரத்துக்குத் தீ எரிந்து கொண்டிருந்தது.

“ஹஜ்ரத்துங்க, இது ராவும் பகலும் எரியுதாமுங்க. எத்தனை வாயு எரிஞ்சுதுன்னு கணக்கு எழுதறது எம் பையன் வேலை. மேலே இருக்கறவரு, பாதியா எழுதுன்னு சொல்றாராமுங்க. எழுதலைன்னா வேலை போயிருமோன்னு பயப்படறான். மகளுக்கு நிக்காஹ் பேசி வெச்சிருக்கோம். இந்தச் சம்பளம் ஹலாலுங்களா, ஹராமுங்களா?”

அந்தத் தாயிடம், “யோசித்துச் சொல்கிறேன் அம்மா” என்றேன். யோசிக்க யோசிக்க, இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல என்று விளங்கியது. ஆகவே இந்த மாதம் வாசகர்கள் முன்னிலையில் இதை வைக்கிறேன்.

எரியும் நெருப்பின் கதை

பூமியிலிருந்து கச்சா எண்ணெய் எடுக்கும்போது அதனுடன் சேர்ந்து எரிவாயுவும் மேலே வருகிறது. அதைப் பிரித்துக் குழாய் மூலம் கொண்டுபோய் விற்கலாம். அல்லது பூமிக்குள்ளேயே திருப்பிச் செலுத்தலாம். இரண்டுக்கும் செலவு உண்டு. செலவு செய்ய மனமில்லாத இடங்களில் வாயுவைக் கொளுத்தி விடுகிறார்கள். ஆபத்து நேரத்தில் கிணற்றைக் காப்பதற்காக எரிப்பது வேறு, அது பாதுகாப்பு. அன்றாடம் வீணே எரிப்பதைத்தான் இங்கே சொல்கிறேன். உலக வங்கியின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் இவ்வாறு எரிக்கப்பட்ட வாயு சுமார் 14,800 கோடி கன மீட்டர்.

எரிந்தால் கரியமில வாயு. எரியாமல் கசிந்தால் மீத்தேன். இந்த மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியது. கண்ணுக்குத் தெரியாது, தனக்கென்று வாசனையும் கிடையாது. கிணற்று வாயிலில், குழாய் இணைப்பில், தேய்ந்துபோன வால்வில் அது சத்தமில்லாமல் வெளியேறுகிறது.

அதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2024 ஜூலை 30 அன்று விடியற்காலையில், நீலகிரிக்கு அப்பால் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணோடு மண்ணாக்கியதை மறந்துவிட்டோமா? இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பூமி சூடேறியதால் அன்றைய மழை சுமார் 10 சதவீதம் கனத்துப் பெய்தது என்று பின்னர் ஆராய்ந்த விஞ்ஞானிகள் கணித்துச் சொன்னார்கள். பாலைவனத்தில் எரிகிற நெருப்பும் மலையடிவாரத்தில் உறங்கிய குழந்தையும் தொடர்பில்லாதவை அல்ல. மனிதக் கரங்கள் தேடிக்கொண்டவற்றின் காரணமாகவே தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்று அருள்மறை ‘ரூம்’ அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. அந்தச் சீர்கேட்டைச் சுவைக்கச் செய்வதன் நோக்கம் மனிதர்கள் திரும்பிவிட வேண்டும் என்பதே என்றும் அங்கேயே அறிவிக்கிறது. திரும்பும் வாசல் இன்னும் மூடப்படவில்லை என்பதே அதன் கருத்து.

கீழ்த்தட்டில் இருந்தவர்கள்

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள ஓர் உவமை உண்டு. நாம் சிறு வயது முதல் கேட்டு வருவதுதான்.

ஒரு கப்பலில் இடம் பிடிக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொல்லை என்று எண்ணி, நமது பங்கிலேயே ஒரு துளை போட்டுக் கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அவர்களை அவர்கள் போக்கில் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கைகளைப் பிடித்துத் தடுத்தால் தடுத்தவர்களும் தப்புவார்கள், தடுக்கப்பட்டவர்களும் தப்புவார்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

சகோதரர்களே! இந்த உவமையில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, துளையிட்டவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அவர்களுக்குத் தண்ணீர் உண்மையிலேயே தேவைப்பட்டது. எண்ணெயும் அப்படித்தான். நமது லாரியும் பஸ்ஸும் ஓட அது வேண்டும். ஆகவே எண்ணெய் எடுப்போரையெல்லாம் பாவிகள் என்று சபிப்பது நமது வேலையன்று.

இரண்டாவது, அவர்கள் துளையிட்டது தங்களுடைய பங்கில்தான். “எனது இடம், எனது உரிமை” என்ற வாதம் அவர்களிடம் இருந்தது. கப்பலுக்கு அடித்தளம் ஒன்றுதான் என்பதால் அந்த வாதம் எடுபடவில்லை. இன்றைக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கம்பெனியும் தனது பங்கில் துளை போடுகிறது. காற்று மண்டலமோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

மூன்றாவது, மேலே இருந்தவர்கள் செய்ய வேண்டியது அழுவதோ, அவர்களைக் கடலில் தள்ளுவதோ அல்ல. கையைப் பிடிப்பது. ஊரும் நாடும் சேர்ந்து கையைப் பிடிக்கும் முறைக்குத்தான் சட்டம் என்று பெயர்.

மஃரிபின் உப்பு

“எண்ணெய்க் கிணற்றுக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். பூமிக்குள் இருக்கும் செல்வத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நேரடியாகவே தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

அப்யள் பின் ஹம்மால் (ரலி) என்ற தோழர், யமன் நாட்டு மஃரிபிலுள்ள உப்பு நிலத்தைத் தமக்குத் தரும்படி கேட்டார்கள். நபியவர்கள் வழங்கினார்கள். அவர் எழுந்து சென்றதும் சபையிலிருந்த ஒருவர், தாங்கள் அவருக்குக் கொடுத்தது வற்றாத ஊற்றைப் போன்றதாயிற்றே என்று சொன்னார். உடனே நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இது இடம்பெற்றுள்ளது.

கவனியுங்கள்! கொடுத்த பிறகும் திரும்பப் பெறப்பட்டது. அனைவரும் நம்பி வாழும் பொருள் என்று தெரிய வந்ததும், முன்னே தரப்பட்ட அனுமதி தடையாக நிற்கவில்லை. இதை வைத்து, வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமங்கள் தனியொருவரின் உடைமையாகா என்று சட்டமேதைகள் விதி வகுத்தார்கள். ஆழத்தில் மறைந்திருப்பவை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிக்கீ மத்ஹபில் அவற்றின் பொறுப்பு ஆட்சியாளரிடமே விடப்பட்டுள்ளது.

இன்னொரு விதி, நமது ஃபிக்ஹு முழுவதையும் தாங்கும் தூண்களில் ஒன்று. தீங்கு செய்யவும் கூடாது. தீங்குக்குப் பதிலாகத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நபிமொழியின் கருத்து. துருக்கி சுல்தான்களின் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்ற சட்ட நூல் இதையே ஆதாரமாகக் கொண்டு, புகையாலும் துர்நாற்றத்தாலும் அண்டை வீட்டார் குடியிருக்க முடியாமல் போனால் அந்தத் தீங்கு எவ்விதத்திலேனும் நீக்கப்பட வேண்டும் என்று விதித்தது. ரொட்டி அடுப்பையும் எண்ணெய்ச் செக்கையுமே அது உதாரணமாகக் காட்டியது. அன்று அண்டை வீடு என்றால் ஒரு சுவருக்கு அப்பால். இன்று பாஸ்ராவுக்கும் வயநாட்டுக்கும் நடுவே சுவரே இல்லை.

சட்டம் கையைப் பிடித்த இடங்கள்

சட்டத்தால் இதெல்லாம் ஆகுமா என்ற சந்தேகம் வரும். ஆகியிருக்கிறது.

நார்வே நாடு வடகடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய 1970-களின் தொடக்கத்திலேயே, பாதுகாப்புக்காக அன்றி அனுமதியில்லாமல் வாயுவை எரிக்கக் கூடாது என்று விதித்துவிட்டது. 1991-ல் கடலில் எண்ணெய் எடுப்போர் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு வரியும் போட்டது. விளைவு என்ன? ‘ஸ்லெய்ப்னர்’ என்ற வாயு வயலில், பிரித்தெடுத்த கரியமில வாயுவைக் காற்றில் விட்டு வரி கட்டுவதைவிடக் கடலடிப் பாறைக்குள் செலுத்துவதே மேல் என்று கம்பெனி கண்டுகொண்டது. 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் வீதம் உள்ளே அனுப்பியது. அந்தக் கம்பெனிக்காரர்கள் திடீரென்று அவ்லியாக்கள் ஆகிவிடவில்லை. சட்டம் கணக்கை மாற்றியது. கணக்கு கையை மாற்றியது.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுமதி தரப்பட்டது. கிணறு தோண்டும்போது எழும் புகையை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். எடுத்த எண்ணெய் எங்கோ எரியப் போகிறதே, அதன் புகை யார் கணக்கு என்று அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் வழக்குத் தொடுத்தார். கீழ்க்கோர்ட்டுகளில் தோற்றார், ஆனால் விடவில்லை. 2024 ஜூன் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்தப் புகையையும் கணக்கிட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றனர்.

நமது நாட்டின் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று, பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21-ஆவது பிரிவுகளின்கீழ் மக்களின் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமும், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டபூர்வமான கடமை என்று ஒருமனதாகக் கருத்துரைத்தது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு உற்பத்திக்கு உரிமம் வழங்குவதும்கூட அந்தக் கடமையை மீறிய செயலாகலாம் என்றும் எடுத்துரைத்தது. இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பியவர்கள் பசிபிக் தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள் என்பதை நமது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பல்லில்லாத சட்டம்

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நைஜீரியா நாடு 1979-லேயே சட்டம் போட்டது. 1984 முதல் அனுமதியின்றி வாயுவை எரிக்கலாகாது என்று கெடு வைத்தது. ஆனால் அமைச்சர் அனுமதி தரலாம் என்று ஒரு வாசலும் வைத்தது. கட்ட வேண்டிய தொகையும் அற்பம். கம்பெனிகள் தொகையைக் கட்டிவிட்டு எரித்துக் கொண்டே இருந்தன. அங்குள்ள கிராமத்தார் ஒருவர் வழக்குப் போட, 2005 நவம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், இப்படி எரிப்பது உயிர் வாழும் உரிமைக்கே விரோதம் என்று தீர்ப்பெழுதியது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. தீ எரிந்து கொண்டிருந்தது.

ஏன்? கையைப் பிடிக்கும் பலம் சட்டத்துக்கு இல்லை. தப்பு செய்வதற்கான அபராதம், ஒழுங்காய் நடப்பதற்கான செலவைவிடக் குறைவாக இருந்தால், அது தண்டனையன்று, டிக்கெட்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எத்தனை எரிந்தது, எத்தனை கசிந்தது என்பதைச் சட்டம் எப்படி அறியும்? பெரும்பாலும் கிணற்றுக்காரர் எழுதித் தருவதை வைத்துத்தான். அந்த எழுத்து பொய்யானால் சட்டம் குருடு. இதை உணர்ந்தே 2024-ல் ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம் கொண்டுவந்த மீத்தேன் சட்டம், கசிவை அளக்க வேண்டும், தேட வேண்டும், அடைக்க வேண்டும் என்று அளவையை முன்னால் நிறுத்தியது. இப்போது விண்வெளியில் சுற்றும் கோள்களும் பெரிய கசிவுகளைப் படம் பிடிக்கின்றன.

அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று அறிவிக்க ஒரு முழு அத்தியாயமே இறக்கினான் அல்லாஹ். தராசு என்றால் மளிகைக்கடைத் தராசு மட்டுமல்ல என்பதை அந்தத் தாயின் கேள்வி எனக்கு உணர்த்தியது. பாலைவனத்தில் ஒரு பையனின் கையிலிருக்கும் நோட்டுப் புத்தகமும் தராசுதான்.

நமது மண்ணில் ஒரு ‘ஹிமா’

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பின்னர் உமர் (ரலி) அவர்களும் சில மேய்ச்சல் நிலங்களைப் பொதுநன்மைக்கென ஒதுக்கிக் காத்தார்கள். அதற்கு ‘ஹிமா’ என்று பெயர். ரபதாவின் ஹிமா உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்தியது. ஹிமாவைக் காக்க ஹுனை என்பவரை நியமித்தபோது, நாலைந்து ஒட்டகம், சில ஆடுகள் வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடும்படியும், பெரும் செல்வர்களின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாய் இருக்கும்படியும் உமர் (ரலி) அவர்கள் பணித்தார்கள். அந்தச் செல்வர்கள் யார்? உஸ்மான் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும்! சட்டம் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஏழை முகத்தையே பார்க்க வேண்டும்.

நமது தமிழகத்திலும் ஒரு ஹிமா உண்டு. காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்க 2010-ல் தனியார் கம்பெனிக்கு உரிமம் வந்தபோது விவசாயிகள் எழுந்தார்கள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சென்று எடுத்துரைத்து, அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பரில் காலமானார். 2017-ல் நெடுவாசல் மக்கள் பல நாள் அமர்ந்து போராடினார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என நம்மவர் நிறைந்து வாழும் ஊர்களும் அந்தப் படுகையில்தான் உள்ளன. முடிவில் 2020 பிப்ரவரியில் தமிழக சட்டமன்றம், காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தப் பகுதியில் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றுக்குப் புதிதாகக் கிணறு தோண்டுவது தடுக்கப்பட்டது.

பழைய கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை. அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் கிணறுகளுக்கு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று விதியைத் தளர்த்தியிருந்தது. ஒரே குளிர்காலத்தில் ஒரு கை பிடித்தது. ஒரு கை விட்டது. சட்டம் ஒருமுறை போட்டால் தீர்ந்துவிடும் காரியமல்ல. ஐவேளைத் தொழுகை போல, விடாமல் பேண வேண்டியது.

நமது வாசலில் வந்த குழாய்

கொங்கு நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. கொச்சியிலிருந்து வரும் எரிவாயுக் குழாயை நமது கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் தோட்டங்காடுகள் வழியாகப் பதிக்க முற்பட்டபோது, விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று 2013-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. அந்த உத்தரவு செல்லாது என்று அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றி 1962-லேயே மத்தியச் சட்டம் இருந்ததுதான் காரணம். பிறகு அந்தக் குழாய் வாளையாறு வந்து சேர்ந்தது. நமது மதுக்கரையை அடுத்த பிச்சனூரில் அமைந்த நிலையத்திலிருந்து கோவை வீடுகளுக்குக் குழாய் வழியே எரிவாயு போகிறது.

அந்த வழக்கில் பேசப்பட்டது பெரும்பாலும் நிலம், இழப்பீடு, உரிமை ஆகியவையே. அவை நியாயமான கேள்விகள். ஆனால் அந்த வாயு எடுக்கப்பட்ட இடத்தில் எத்தனை எரிந்தது, வரும் வழியில் எத்தனை கசிந்தது, அதை யார் அளப்பது என்று கேட்டவர்கள் அரிது. இனி கேட்க வேண்டிய கேள்வி அது. அடுப்பில் நீலச் சுடர் எரியும்போது, பாலைவனத்தில் எரியும் சிவப்புச் சுடரும் நமது நினைவுக்கு வர வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

“நாங்கள் சாமானியர்கள். எங்களால் என்ன ஆகும்?” என்று ஒதுங்க வேண்டாம். கப்பலில் கையைப் பிடித்தவர்களும் பயணிகள்தாம். மாலுமிகள் என்று ஹதீஸில் இல்லை.

பெரிய திட்டம் எது வந்தாலும், கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படும் இனமாயின், முப்பது நாளைக்குக் குறையாமல் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு விதி. திட்டத்தின் சுருக்கம் தமிழில் கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். நமது ஜமாஅத்துகளில் படித்த பிள்ளைகள் இருவர் அதைப் படித்து வந்து, ஜும்ஆவுக்குப் பின் நாலு வார்த்தை சொன்னால் என்ன? நிக்காஹ் பதிவேடு பார்க்க ஆள் இருக்கிறார்கள், இதற்கும் இருக்கட்டும். விவரம் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். தவறான அனுமதி என்று கண்டால், முப்பது நாளுக்குள் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கல்லெறிய வேண்டாம், கூச்சல் வேண்டாம். சகோதர சமயத்து விவசாயிகளுடன் தோள் சேர்ந்து நில்லுங்கள். கப்பலில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் உண்டு. மதத்துக்கொரு தட்டு கிடையாது.

அத்துடன், ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கற்பித்த நபியின் உம்மத் நாம். இரண்டு தெரு தள்ளியுள்ள கடைக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிறவன், கம்பெனியின் வீண்விரயத்தைக் கண்டிக்க வாய் திறக்கும்போது, அவனுக்கே நாக்கு கூசும்.

அந்தத் தாய்க்குச் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். சொன்னேன்:

“அம்மா, எண்ணெய் எடுப்பது ஹராமான தொழிலல்ல. உழைத்து வாங்கும் சம்பளம் ஹலால்தான். அந்த நெருப்பை மூட்டும் அதிகாரமோ அணைக்கும் அதிகாரமோ உங்கள் மகனிடம் இல்லை; அதன் பாவத்தை அவர் தலையில் ஏற்ற வேண்டாம். ஆனால், நூறு எரிந்திருக்க ஐம்பது என்று எழுதினால் அது அவருடைய சொந்தக் கைச் செயல். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று. அந்த எண்ணை நம்பித்தான் அந்த நாட்டின் சட்டம் கண் திறந்து பார்க்கிறது. அந்தக் கண்ணில் அவர் மண் தூவ வேண்டாம். உள்ளதை எழுதட்டும். முடியாவிட்டால் வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்கட்டும். ரிஸ்கு மேலதிகாரியிடம் இல்லை. அர்ஷின் அதிபதியிடம் இருக்கிறது.”

சொல்வது எளிது, சகோதரர்களே. வயதுக்கு வந்த மகளை வீட்டில் வைத்துக்கொண்டு கேட்பது எளிதல்ல. அந்தத் தாய் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “சரிங்க ஹஜ்ரத்து” என்று மட்டும் சொன்னார்கள்.

இரண்டு மாதத்துக்குப் பின் விவரம் தெரிந்தது. பையன் பொய் எழுத மறுத்துவிட்டார். வேலை போகவில்லை, ஆனால் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கூடுதலாகக் கிடைத்து வந்த படி நின்றுபோயிற்று. இப்போது அந்த நோட்டில் வேறு யாரோ எழுதுகிறார்கள். என்ன எழுதுகிறார்களோ, அல்லாஹ் அறிவான். இதனால்தான் தனி மனிதர் தக்வா மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்கிறோம். சட்டம் மட்டும் போதாது, தக்வாவும் வேண்டும் என்பதும் இதனால்தான்.

நிக்காஹ் நடந்தது. அதற்கு முதல்நாள் அந்தத் தாய் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: “மூணு தேக்சா பிரியாணின்னு இருந்தோமுங்க. ஒண்ணோட நிறுத்திட்டோம். யாரும் பசியோட போகலைங்க.” அன்றைய விருந்தில் நானும் உண்டேன். அந்தச் சோற்றில் இருந்த பரக்கத்தை நான் இன்னும் நினைத்துக் கொண்டிருக்கிறேன்.

யா அல்லாஹ்! நீ நிறுத்திவைத்த தராசை நாங்கள் சாய்த்துவிடாமல் எங்களைக் காப்பாயாக! ஆட்சியாளர்களுக்கு நீதியான சட்டம் இயற்றும் நெஞ்சுரத்தையும், அதை நிறைவேற்றும் பலத்தையும் அருள்வாயாக! கடல் கடந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் கைகளை உண்மையை மட்டும் எழுதும் கைகளாக ஆக்குவாயாக! வயநாட்டில் மண்ணுக்குள் மறைந்தோர் அனைவருடைய குடும்பத்தாருக்கும் பொறுமையையும் ஆறுதலையும் தருவாயாக! நாங்கள் எல்லோரும் ஏறியிருக்கும் இந்தக் கப்பலைக் கரை சேர்ப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.